டிப்ஸ், இனாம், டீ காசு: யாருக்கு, எப்போது, எவ்வளவு?

ஓட்டல் நிர்வாகம், கல்யாண மண்டபக் கணக்கு, குடியிருப்போர் சங்க வேலை எல்லாம் நன்றாகத் தெரிந்த ஒருவர், சென்னையில் அன்றாடம் கைமாறும் சின்னத் தொகைகள் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். தொகைகள் இன்றைய வழக்கத்தை ஒட்டியவை. பேட்டைக்குப் பேட்டை கொஞ்சம் ஏறும், இறங்கும்.

கார்த்திக், வேளச்சேரி: சார், ஓட்டல் டிப்ஸ் என்றால் பில்லில் பத்து சதவீதம் என்கிறார்கள். சாதாரண டிபன் ஓட்டலுக்கும் அதே கணக்கா?

பதில்: இல்லை. டோக்கன் வாங்கி நின்றுகொண்டே சாப்பிடும் இடத்தில் ஒன்றும் வேண்டாம். சர்வர் வந்து ஆர்டர் எடுக்கும் சைவ ஓட்டலில் இரண்டு பேர் டிபன், காபி என்றால் 10 அல்லது 20 ரூபாய். குடும்பமாக ஏ.சி. ஹாலில் உட்கார்ந்து ஆயிரம் ரூபாய்க்குச் சாப்பிட்டால் 50. பெரிய ரெஸ்டாரண்டில்தான் சதவீதக் கணக்கு வரும். ஐந்து முதல் பத்து வரை போதும், அதுவும் ஜி.எஸ்.டி. சேர்ப்பதற்கு முந்தைய தொகையில்.

பில்லை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். வாழையிலைச் சாப்பாட்டுக்கு பில் 150 ரூபாய்தான். ஆனால் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர், அப்பளம் என்று அவர் உங்கள் இலைக்கு ஏழெட்டு முறை வந்து போயிருப்பார். 600 ரூபாய் பீட்சாவைக் கொண்டுவந்து வைக்க ஒரு நடை போதும். சாப்பாட்டு ஹாலில் தலைக்கு 20 ரூபாய் வைப்பது நியாயம்.

கார்த்திக்: மேஜை துடைக்கிறவருக்கு அதில் பங்கு போகுமா?

பதில்: கல்லா பக்கத்தில் டிப்ஸ் பெட்டி இருந்தால் பொதுவாக எல்லோருக்கும் பிரிப்பார்கள். பில் ஃபோல்டரில் வைப்பது பெரும்பாலும் அந்த சர்வருக்கு மட்டும்தான். குழந்தை சாம்பாரைக் கொட்டி, கிளீனர் வந்து துடைத்தாரென்றால் அவர் கையிலேயே தனியாக 20 ரூபாய் கொடுத்துவிடுங்கள்.

ஷாலினி, அண்ணா நகர்: பில்லிலேயே சர்வீஸ் சார்ஜ் பத்து சதவீதம் போட்டிருந்தார்கள். கேட்டால் "எங்க பாலிசி மேடம்" என்கிறார்கள். கட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று தந்த வழிகாட்டுதலின்படி ஓட்டல்கள் சர்வீஸ் சார்ஜைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயர் சூட்டியும் வசூலிக்கக் கூடாது, தர மறுப்பவரை உள்ளே விடாமல் தடுக்கவும் கூடாது. அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது.

பணம் எங்கே ஏறுகிறது என்று பாருங்கள். சாப்பாடு 1,840 ரூபாய். ஜி.எஸ்.டி. ஐந்து சதவீதம் 92. கட்ட வேண்டியது 1,932. சர்வீஸ் சார்ஜ் 184 சேர்ந்தால் வரி 2,024க்குப் போடுகிறார்கள், அது 101 ரூபாய் 20 காசு. மொத்தம் 2,125 ரூபாய் 20 காசு. டிப்ஸுக்கே வரி கட்டுகிறீர்கள், அந்த 184இல் சர்வருக்கு எவ்வளவு போகும் என்பதும் உங்களுக்குத் தெரியாது.

கார்டைத் தேய்ப்பதற்கு முன்பே மேனேஜரைக் கூப்பிட்டு, "சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு வேற பில் போடுங்க" என்று நிதானமாகச் சொல்லுங்கள். பணம் கட்டிய பிறகு திரும்ப வாங்குவது பெரிய பாடு. மறுத்தால் பில்லைப் படமெடுத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யுங்கள். சர்வரிடம் கோபப்படாதீர்கள், பில் போடுவது அவரில்லை. நன்றாகக் கவனித்திருந்தால் அவருக்கு உரியதைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ராகவன், மயிலாப்பூர்: சாப்பாடு வர முக்கால் மணி நேரம், ரசத்தில் உப்பு கரிக்கிறது. அப்போதும் டிப்ஸ் வைக்கணுமா?

பதில்: உப்பும் தாமதமும் அடுக்களையின் பிழை. ஆர்டரை மாற்றி எடுத்தது, தண்ணீர் கேட்டும் வராதது, பில்லுக்குக் காக்கவைத்தது இவைதான் சர்வரின் கணக்கு. "கொஞ்சம் நேரமாகும் சார், இட்லி ரெடியா இருக்கு, கொண்டு வரட்டுமா" என்று அவர் வந்து கேட்டிருந்தால் அவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். குறைக்காதீர்கள். ரசத்தைப் பற்றி கல்லாவில் சொல்லுங்கள்.

நவீன், பெருங்குடி: கையில் காசே வைத்துக்கொள்வதில்லை. ஸ்கேன் பண்ணும்போது சேர்த்துப் போட்டால் போதாதா அண்ணா?

பதில்: மேஜையில் இருக்கும் கியூ.ஆர். முதலாளி கணக்குக்குப் போகிறது. கூடுதலாக 50 போட்டால் அது விற்பனையோடு கலந்துவிடும், இரவு கணக்கு முடிக்கும்போது யாருடையது என்று யாரும் தேட மாட்டார்கள். சர்வரின் ஜிபே நம்பரைக் கேட்கலாம். ஆனால் டியூட்டி நேரத்தில் போனை வெளியே எடுக்கக் கூடாதென்று பல ஓட்டல்களில் கண்டிப்பு உண்டு, அவருக்குச் சங்கடம் வைக்காதீர்கள். பர்ஸின் ஒரு மூலையில் பத்தும் இருபதுமாக 200 ரூபாய் எப்போதும் இருக்கட்டும்.

ஃபாத்திமா, ராயப்பேட்டை: சாப்பாடு டெலிவரி தம்பிகளுக்கு ஆப்பில் போடுவதா, கையில் கொடுப்பதா?

பதில்: ஆப்பில் போடும் டிப்ஸ் முழுவதும் அவர்களுக்கே என்று பெரிய நிறுவனங்கள் சொல்கின்றன. ஆனாலும் அது கணக்கில் ஏறிப் பிறகுதான் கைக்கு வரும். கையில் கொடுத்தால் அன்றைய பெட்ரோலுக்கு ஆகும். சாதாரண நாளில் 20, ஐப்பசி கார்த்திகை மழையிலும் இரவு பதினொன்றுக்கு மேலும் 50. சில குடியிருப்புகளில் வண்டியை வெளியே நிறுத்தவைத்து, லிஃப்டையும் தடுக்கிறார்கள். அங்கே நீங்கள் கேட்டுக்கு இறங்கிவந்து வாங்கினால் அவருக்குப் பத்து நிமிடம் மிச்சம், அடுத்த ஆர்டரைப் பிடித்துவிடுவார்.

சுமதி, பெரம்பூர்: கேஸ் சிலிண்டர் போடுகிறவர் ஒவ்வொரு முறையும் பில்லுக்கு மேல் 60, 70 கேட்கிறார். கொடுக்காவிட்டால் அடுத்த தடவை தாமதம் செய்கிறார்.

பதில்: டெலிவரிக் கட்டணம் பில் தொகையிலேயே அடங்கியிருக்கிறது. மேற்கொண்டு கேட்க அவருக்கு உரிமை கிடையாது. ஆனால் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். பல ஏஜென்சிகளில் சிலிண்டர் கணக்கில்தான் அவர்களுக்குக் கூலி. எரிவாயு 14.2 கிலோ, காலி இரும்பு பதினைந்து பதினாறு கிலோ என்று முப்பது கிலோவைத் தோளில் ஏற்றி வருகிறார். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி என்றால் 30 ரூபாய் நீங்களாக விரும்பிக் கொடுங்கள். தரைத்தளத்தில் 70 என்று கறாராகக் கேட்டால் மறுப்பதுதான் சரி.

புக் செய்யும்போதே ஆன்லைனில் பணம் கட்டிவிடுங்கள், வாசலில் "சில்லறை இல்லை" பேச்சு எழாது. சிலிண்டர் வாசலுக்கு வந்து, சீல் பார்த்து, எடை போட்ட பிறகே ஓ.டி.பி. சொல்லுங்கள். தராசு கொண்டுவருவது அவர் கடமை. சிலிண்டரின் மேல்பகுதியில் பொறித்திருக்கும் காலி எடையோடு 14.2ஐக் கூட்டினால் தராசில் வரவேண்டிய எண் கிடைக்கும். தாமதம் தொடர்ந்தால் தேதியோடு 1800 2333 555இல் புகார் பதிவு செய்யுங்கள்.

மீனாட்சி, நங்கநல்லூர்: வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்குத் தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுத்தால் போதுமா? சேர்ந்து ஏழு மாசம்தான் ஆகிறது.

பதில்: போதாது. ஒரு வருடம் முடிந்திருந்தால் ஒரு மாதச் சம்பளம் என்பது சென்னை வழக்கம். நிறுவனங்களுக்குச் சட்டம் வைத்திருக்கும் குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், அதுவும் வருடத்தில் ஒரு மாதச் சம்பளம்தான். வீட்டு வேலைக்கு அந்தச் சட்டம் வராது. அதனால்தான் நாமாக ஒழுங்காகச் செய்ய வேண்டியிருக்கிறது.

மாதம் 4,000 என்றால் ஏழு மாதத்துக்கு நாலாயிரத்தைப் பன்னிரண்டால் வகுத்து ஏழால் பெருக்க 2,333 வரும். 2,500 ஆகக் கொடுங்கள். புடவை அதற்கு மேல்தான், அதற்குப் பதிலாக இல்லை. தீபாவளிக்குப் பதினைந்து நாள் முன்பே தந்துவிடுங்கள். வண்ணாரப்பேட்டையிலோ தி.நகரிலோ பிள்ளைகளுக்குத் துணி எடுக்க அந்தப் பணம்தான். முதல் நாள் கையில் வைத்தால் அதற்குள் அவர் வட்டிக்கு வாங்கியிருப்பார். பழைய அட்வான்ஸை இதில் கழிக்காதீர்கள். அதைச் சம்பளத்தில் மாதம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்ளலாம்.

முரளி, குடியிருப்போர் சங்கச் செயலாளர், மேடவாக்கம்: நாற்பது வீடு. வீட்டுக்கு 500 வசூல் செய்கிறோம். பிரிப்பதில் வருடா வருடம் சண்டை.

பதில்: இருபதாயிரத்தையும் பதவி பார்த்துப் பிரிக்காமல், வேலை செய்த மாதத்தையும் தினசரி மணி நேரத்தையும் பார்த்துப் பிரியுங்கள். பன்னிரண்டு மணி நேர வாட்ச்மேனுக்கு இரண்டு பங்கு, நான்கு மணி நேரம் பெருக்குபவருக்கு ஒரு பங்கு என்று வைத்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது. விடுமுறைக்கு மாற்றாக வரும் வாட்ச்மேனையும் மோட்டார் போடுபவரையும் பட்டியலில் விட்டுவிடுவார்கள், முதலில் அவர்கள் பெயரை எழுதுங்கள். ஆட்கள் ஏஜென்சி மூலம் வந்தாலும் பணத்தை அவரவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஏஜென்சியிடம் மொத்தமாகத் தராதீர்கள்.

தீபாவளி, பொங்கல் சமயத்தில் நோட்டைத் தூக்கிக்கொண்டு "கார்ப்பரேஷன்லேர்ந்து வர்றோம்" என்று சிலர் வருவார்கள். தினமும் குப்பை எடுக்கும் முகமா என்று வாட்ச்மேனை வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். உண்மையான தூய்மைப் பணியாளருக்கு வீட்டுக்கு 100 ரூபாயாவது போய்ச் சேர வேண்டும்.

கோபால், குரோம்பேட்டை: அடுத்த மாதம் பெண்ணுக்குக் கல்யாணம். மண்டபத்தில் ஆளாளுக்கு இனாம் கேட்பார்கள் என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: கேட்பார்கள், அதைப் பட்ஜெட்டிலேயே தனி வரியாகப் போட்டுவிடுங்கள். பேசும்போதே கேட்க வேண்டியது இரண்டு. பரிமாறும் ஆட்களின் கூலி கேட்டரிங் தொகையில் சேர்ந்ததா? சுத்தம் செய்ய, ஜெனரேட்டருக்கு மண்டபத்தார் தனியாகப் பணம் பிடிக்கிறார்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பிறகு கவர் தயார் செய்யுங்கள். வாட்ச்மேனுக்கு 300, எலக்ட்ரீஷியனுக்கு 500, பெருக்கும் அம்மாக்கள் ஒவ்வொருவருக்கும் 200, பரிமாறுபவர்களுக்குத் தலைக்கு 100 முதல் 200. தலைமைச் சமையல்காரருக்கும் நாதஸ்வர வித்வான், தவில்காரர்களுக்கும் கவரை நீட்டக் கூடாது. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி துண்டோடு 500 அல்லது 1,000 வைத்துப் பெரியவர் ஒருவர் கையால் கொடுக்க வேண்டும்.

எப்போது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். முதல் பந்தியிலேயே பரிமாறுபவர்களுக்குக் கொடுத்தால் மூன்றாம் பந்தியில் பாதிப் பேர் கண்ணில் பட மாட்டார்கள். கடைசிப் பந்தி முடிந்து இலை எடுத்த பின் கொடுங்கள். சூப்பர்வைசரிடம் மொத்தமாகத் தந்தால் பாதிதான் போய்ச் சேரும், வரிசையாக நிற்கச் சொல்லிக் கையில் கொடுங்கள். எலக்ட்ரீஷியனுக்கு முதல் நாள் வரவேற்பின்போதே பாதி, காலி செய்யும்போது மீதி. இதையெல்லாம் நீங்கள் செய்யாதீர்கள். தாலி கட்டும் நேரத்தில் ஒருவர் வந்து தோளைத் தொடுவார். மச்சினரோ தம்பியோ பொறுப்பான ஒருவரிடம் பையையும் பட்டியலையும் ஒப்படைத்து, "பணம் அவர்கிட்டதான்" என்று எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

ஜான்சி, தண்டையார்பேட்டை: அரசு மருத்துவமனையில் குழந்தையைக் காட்டவே 500, ஸ்ட்ரெச்சர் தள்ள 100 கேட்கிறார்கள். இதுவும் டிப்ஸா?

பதில்: இல்லவே இல்லை, அது லஞ்சம். அங்கே அந்தச் சேவை இலவசம், 108 ஆம்புலன்ஸும் இலவசம். பிரசவ வலியில் இருப்பவரின் குடும்பத்தை நிறுத்திவைத்துக் கேட்பது கொடுமை. ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்) அறைக்குப் போய் நேரம், வார்டு எண்ணோடு எழுதிக் கொடுங்கள், சுகாதார உதவி எண் 104இலும் சொல்லலாம். 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் காவல்துறையிடமோ லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ தெரிவித்தால் அவர்மேல் அந்தக் குற்றம் வராது. டிஸ்சார்ஜ் அன்று மனம் நிறைந்து ஏதாவது செய்ய நினைத்தால் வார்டுக்கே பழமோ இனிப்போ வாங்கிக் கொடுங்கள்.

மயானத்திலும் இப்படித்தான். மாநகராட்சி மயானத்தில் தகனத்துக்குக் கட்டணம் கிடையாது. பேரம் பேசினால் மாநகராட்சிப் புகார் எண் 1913க்குச் சொல்லுங்கள். சடங்குக்கான தட்சணை வேறு கணக்கு, அதை முன்பே பேசி முடிக்க அக்கம்பக்கத்தில் ஒருவரை அனுப்புங்கள். துக்கத்தில் இருப்பவரைப் பேசவிடாதீர்கள்.

அசோக், போரூர்: ரயிலில் சாப்பாடு கொடுக்கிறவர்கள் இறங்குகிற நேரத்தில் தட்டு நீட்டுகிறார்கள்.

பதில்: டிக்கெட்டிலேயே சாப்பாட்டுக்குக் கட்டியாயிற்று. விருப்பமிருந்தால் 20, இல்லையென்றால் தலையாட்டிவிட்டு இறங்குங்கள். வற்புறுத்தினால் ரயில்வே உதவி எண் 139இல் புகார் செய்யுங்கள்.

தேவி, கொளத்தூர்: பெட்ரோல் பங்கில் காற்றடிக்க?

பதில்: காற்று இலவசம். வெயிலில் குனிந்து நான்கு டயரும் பார்த்தவருக்கு 10 ரூபாய் தரலாம்.

விக்னேஷ், திருவான்மியூர்: தண்ணீர் கேன்? மூன்றாம் மாடி.

பதில்: இருபது லிட்டர் என்றால் இருபது கிலோவுக்கு மேல். லிஃப்ட் இல்லாவிட்டால் கேன் விலையோடு மாடிக்கு 5 ரூபாய் என்று கடைக்காரரிடமே பேசி வையுங்கள், ஆனால் அதை ஏற்றிவரும் பையன் கையில் கொடுங்கள். கடைக்காரரின் மாதக் கணக்கில் சேர்த்தால் அவனுக்கு வந்து சேராது.