வீட்டு சர்வரில் உள்ள கோப்புகளை மூன்று கணினிகளிலிருந்து பாதுகாப்பாகத் திறப்பது எப்படி?

வீட்டில் ஒரு லினக்ஸ் சர்வர், அதைத் தொட வேண்டிய கணினிகள் மூன்று. ரூட்டரில் போர்ட்டை (வெளியிலிருந்து உள்ளே வரும் எண்ணிட்ட வாசல்) திறந்துவிட்டு, சர்வருக்குள் நுழைய ஒரே எஸ்எஸ்எச் சாவியை (கடவுச்சொல்லுக்குப் பதிலாக அடையாளம் காட்டும் கோப்பு) மூன்றிலும் போட்டுக்கொண்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து ஒரே சாவியை மட்டும் போடாதீர்கள்.

நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். மதுரை வீட்டில் பழைய டெஸ்க்டாப் ஒன்று சர்வராக ஓடுகிறது. அப்பாவின் பத்திர நகல்கள், குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான். இரண்டு வருஷம் முன்னால் ரயிலில் லேப்டாப் பை தொலைந்தது. சாவிக்குக் கடவுச்சொல்லும் போட்டிருக்கவில்லை. இருந்த மற்ற இரண்டு கணினிகளிலும் அதே சாவி. அதை ரத்து செய்தால் நானும் உள்ளே போக முடியாது. ராத்திரி பதினொன்றரைக்குத் தங்கச்சியை எழுப்பி, சர்வரின் பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். நல்லவேளை, எதுவும் போகவில்லை. ஆனால் அன்று பட்ட பதைப்பு இன்னும் மறக்கவில்லை.

எஸ்எஸ்எச் என்பது தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி. ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக அதற்கான சாவி உருவாக்குங்கள்; ரகசியச் சாவி, பொதுச் சாவி என்று ஜோடியாக வரும். இடி25519 (ed25519) வகை போதும். உருவாக்கும்போது கேட்கும் கடவுச்சொல்லை வெறுமனே என்டர் தட்டித் தாண்டாதீர்கள். திறந்த சாவியை நினைவில் வைத்திருக்கும் எஸ்எஸ்எச் ஏஜென்ட் ஓடினால் ஒருமுறை அடித்தால் போதும், தொல்லை இல்லை. ரகசியச் சாவி பிறந்த கணினியை விட்டு வெளியே போகவே கூடாது. பொதுச் சாவி மட்டும்தான் சர்வரின் 'ஆதரைஸ்டு கீஸ்' (authorized_keys) கோப்புக்குப் போகும், கணினிக்கு ஒரு வரியாக. வரியின் கடைசியில் 'ஆபீஸ்', 'வீட்டு லேப்டாப்' என்று பெயர் எழுதிவையுங்கள். ஒன்று தொலைந்தால் அந்த ஒரு வரியை அழித்தால் போதும், மற்ற இரண்டும் வழக்கம்போல வேலை செய்யும். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு மட்டும் வரியை அழித்தாலும் அறுபடாது, அதைத் தனியாக நிறுத்த வேண்டும்.

சாவி வேலை செய்வது உறுதியானதும் சர்வரில் கடவுச்சொல் நுழைவை அணைத்துவிடுங்கள். அப்போது ஒரு பழைய இணைப்பைத் திறந்தே வைத்திருங்கள், தப்பு நடந்தால் திரும்பி வர வழி வேண்டும். உபுண்டு என்ற லினக்ஸின் கிளவுட் பதிப்புகளில் இன்னொரு சிக்கல் உண்டு: முக்கிய அமைப்புக் கோப்பில் 'நோ' என்று எழுதினாலும், பக்கத்து ஃபோல்டரில் இருக்கும் சின்னக் கோப்பு 'யெஸ்' என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். முதலில் படிக்கப்படுவதுதான் செல்லும். அதனால் சாவி இல்லாத கணினியிலிருந்து நுழைய முயன்று, மறுக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ரூட்டர் விஷயம். எஸ்எஸ்எச்சுக்கான 22-ஆம் போர்ட்டைத் திறந்தால் சில மணி நேரத்திலேயே 'ரூட்', 'அட்மின்' என்ற பெயர்களில் யாராரோ தட்டுவதை லாகில் பார்ப்பீர்கள். நான் அதைத் திறப்பதில்லை. வயர்கார்டு என்ற விபிஎன் (மறையாக்கப்பட்ட தனிப் பாதை) போட்டு, எஸ்எஸ்எச்சை அதற்குள் வைத்திருக்கிறேன். தெரியாத சாவியிலிருந்து வரும் பாக்கெட்டுக்கு வயர்கார்டு பதிலே தராது, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அங்கே ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும். 2020-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 5.6-இலேயே சேர்ந்துவிட்டதால் நிறுவுவதும் சுலபம். இதிலும் கணினிக்கு ஒரு சாவிதான்.

உங்கள் ரூட்டருக்குக் கிடைத்திருக்கும் வெளி முகவரி 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால், இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. வயர்கார்டுக்கான போர்ட்டைத் திறந்தும் பயனில்லை. அப்போது டெயில்ஸ்கேல் என்ற சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது வயர்கார்டுதான். அந்தக் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸ் ஃபோல்டர் பகிர்வுக்கான 445-ஆம் போர்ட்டை மட்டும் எந்த நிலையிலும் இணையத்துக்குத் திறக்காதீர்கள். 2017-இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவியது அந்த வழியாகத்தான்.

எஸ்எஸ்எச் வழியாகக் கோப்புகளைத் திறக்க லினக்ஸில் எஸ்எஸ்எச்எஃப்எஸ், விண்டோஸில் வின்எஸ்சிபி என்ற மென்பொருள்கள். ஒரே கோப்பை இரண்டு இடத்தில் திறந்து திருத்தினால் கடைசியாகச் சேமித்ததுதான் நிற்கும், முந்தையது போய்விடும். அடிக்கடி திருத்தும் ஃபோல்டர்களுக்கு, கணினிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்திங் வைத்திருக்கிறேன். மோதல் வந்தால் இரண்டு பிரதியையும் வைத்துக்கொள்கிறது. ஆனால் ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். அதனால் வாரம் ஒருமுறை தனி ஹார்டு டிஸ்கில் பேக்கப் எடுத்துக் கழற்றி வைக்கிறேன்.

மூன்றில் ஒன்று ஆபீஸ் கணினி என்றால், அது உங்களுடையது அல்ல, அதன் நிர்வாகி எதையும் பார்க்க முடியும். வயர்கார்டு போடுவதற்கு முன் அவர்களிடம் அனுமதி கேளுங்கள். அந்தச் சாவிக்கென்று சர்வரில் தனிப் பயனரை உருவாக்கி, எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்எச் வழிக் கோப்புப் பரிமாற்றம்) மட்டும், ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் என்று கட்டிவையுங்கள். பத்திரங்களும் குடும்பப் படங்களும் அந்த ஃபோல்டரில் வேண்டாம்.