வாசகர் கேள்வி: ஒட்டகமும் உண்ணியும்

கே: ராஜஸ்தானில் ஒரு ஒட்டகத்தின் மூக்குக்குள் கொத்துக் கொத்தாக உண்ணி பார்த்தேன். ஒட்டகம் தண்ணீர் இல்லாமல் தாக்குப்பிடிக்கும். இத்துனூண்டு உண்ணி பாலைவனத்தில் எப்படிப் பிழைக்கிறது?

ப: ஒட்டகங்களில் அதிகம் காணப்படுவது ஹையலோமா டிரோமெடேரி என்ற உண்ணி. தோல் மெல்லிசாக இருக்கிற, ஒட்டகம் உரசித் தள்ள முடியாத இடமாகப் பார்த்துப் பிடிக்கும்: மூக்கு, காது, மடி, வாலடி.

ஒட்டகம் இருக்கிற நீரை விடாமல் காக்கிறது. திமிலில் இருப்பது கொழுப்புதான், தண்ணீர் இல்லை. தாகத்தில் இருக்கும்போது அதன் உடல் வெப்பம் விடியலில் 34 டிகிரி வரை இறங்கும், பிற்பகலில் 40-ஐத் தாண்டும். அந்த அளவுக்கு வியர்வை மிச்சம். விலங்குகளின் உடல் இயக்கத்தை ஆராய்ந்த க்னூட் ஷ்மிட்-நீல்சனின் குழு 1950-களில் சகாராவில் இதை அளந்து காட்டியது. எடையில் கால் பங்கு அளவுக்கு நீர் போனாலும் நடமாடும். தண்ணீரைக் கண்டால் கால் மணி நேரத்துக்குள் 100 லிட்டர் குடித்துவிடும். இவ்வளவு நீர் ஒரேயடியாகச் சேர்ந்தும் அதன் நீள்வட்டச் சிவப்பணுக்கள் வெடிப்பதில்லை என்பது பெரிய வியப்பு.

உண்ணி குடிப்பது காற்றை! உப்பு மிகுந்த உமிழ்நீரை வாயில் கசியவிடும். அது காற்றின் ஈரத்தை இழுத்ததும் திரும்ப விழுங்கிவிடும். காற்று மிகவும் வறண்டால் இது பலிக்காது. அதனால்தான் பகலில் மண்ணிலும் சுவர் வெடிப்பிலும் பதுங்கிக் கிடக்கிறது. ஒட்டகம் பக்கத்தில் வந்தால் மூச்சின் கரியமில வாயுவை உணர்ந்து ஓடிவரும்.

ஒட்டிய பிறகு சிக்கல் தலைகீழ்: தண்ணீர் மிகுந்துவிடுகிறது. ரத்தத்தில் உள்ள நீரின் பெரும்பகுதியை உமிழ்நீராக ஒட்டகத்துக்குள்ளேயே திருப்பி விட்டுவிட்டு, சத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது. கிருமிகள் ஏறுவதும் இந்த வழியில்தான். ஒட்டகங்களை வாட்டும் சர்ரா நோய்க்கு மட்டும் உண்ணியைக் குறை சொல்லக்கூடாது. அதைப் பரப்புவது கடிக்கும் ஈக்கள்.

கே: ஒட்டியிருக்கும் உண்ணியைக் கையால் பிடுங்கலாமா?

ப: வெறுங்கையால் வேண்டவே வேண்டாம். ஹையலோமா உண்ணிகள் கிரிமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சலைப் பரப்புபவை. இந்தியாவில் 2011-இல் குஜராத்தில் அது உறுதியானது. ஒட்டகத்திடம் அறிகுறியே தெரியாது, மனிதருக்கோ உயிராபத்து. கையுறை போட்டு, கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிய வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல் நேராக, நிதானமாக இழுங்கள். வயிற்றை அழுத்தினால் உள்ளே இருப்பது காயத்துக்குள் போகும். மண்ணெண்ணெய், தீக்குச்சி வைத்தியமும் உண்ணியைக் கக்க வைக்கும். எடுத்ததை நசுக்காமல் சாராயம் ஊற்றிய புட்டியில் போட்டு மூடி, கடிவாயைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். மனிதரைக் கடித்திருந்தால் இரண்டு வாரத்துக்குக் காய்ச்சல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் உண்ணி கடித்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.