முளைப்பாரி சரியாக வராவிட்டால் அதைப் போட்ட பெண்ணிடம் குறை என்கிறார்களே, உண்மையா?

கேள்வியோடு நீங்கள் எழுதியிருக்கும் விவரம்: ஊரில் மாரியம்மன் பொங்கலுக்கு முதல் தடவையாக முளைப்பாரி போட, அதாவது சட்டியில் தானியங்களை முளைக்கவைத்து வளர்த்து அம்மனுக்கு எடுக்கப் போகிறீர்கள், வேலை சென்னையில். "பாரி கருகிப்போனா வீட்டுக்கு ஆகாது, சுத்தபத்தமா இரு" என்று மாமியார் சொல்லியிருக்கிறார். அம்மன் பெண்களுக்குச் சக்தி தருகிறவள் என்றால் பெண்களுக்கே ஏன் இந்தப் பயம் என்று கேட்கிறீர்கள்.

பாரி கெட்டால் குறை விதையில் இருக்கும், தண்ணீரில் இருக்கும், காற்றோட்டத்தில் இருக்கும். போட்டவரின் உடம்பில் இருக்காது. முதலில் நன்றாக வளர்க்கிற வழியைச் சொல்கிறேன். அம்மனைப் பற்றிய பேச்சு அதற்குள்ளேயே வந்துவிடும்.

பெரும்பாலும் கோளாறு ஆரம்பிப்பது விதையில்தான். நவதானியம் என்று பேச்சுக்குச் சொன்னாலும் மதுரை, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் சட்டியை நிரப்புவது தட்டைப்பயறும் பாசிப்பயறும். கூடவே மொச்சை, சோளம், கம்பு. நெல்லும் எள்ளும் பேருக்கு ஒரு கை. பூஜைச் சாமான் கடையில் 'நவதானியம்' என்று கட்டி விற்கும் பொட்டலத்தை நம்ப வேண்டாம். அது நவக்கிரகத்துக்கு வைக்கக் கட்டியது. எந்த வருஷத்துப் பயறு என்று விற்பவருக்கே தெரியாது. தோல் நீக்கி உடைத்த பருப்பு முளைக்கவே முளைக்காது. விதைக்கடைக்குப் போனால் ரோஸ் கலரில் பூஞ்சண மருந்து ஏற்றிய விதை கிடைக்கும். முளைக்கும்தான், ஆனால் வெறுங்கையால் அளைந்து, கடைசியில் ஊருணியில் கொண்டுபோய்க் கரைக்கிற பொருளுக்கு அது ஆகாது. விவசாயம் செய்கிற வீட்டில், போன அறுவடைப் பயறாகக் கேட்டு வாங்குவதுதான் உத்தமம்.

வாங்கியதும் சோதித்துவிடுங்கள், பொங்கல் சாட்டுவதற்கு (திருவிழாவை ஊருக்கு அறிவிப்பதற்கு) ஒரு வாரம் முன்பாகவே. ஒவ்வொரு தானியத்திலும் 50 மணி எண்ணி, ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி, துணி காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் பிரித்து எண்ணுங்கள். 45 முளைத்திருந்தால் கவலையில்லை. 40க்குக் கீழே என்றால் விதையை மாற்றுங்கள். முளைக்காத பத்து மணியும் சும்மா கிடக்காது. ஈரத்தில் அழுகி, பக்கத்தில் முளைத்ததையும் கெடுக்கும்.

வாய் ஒன்றரைச் சாண் அகலமுள்ள சட்டிக்குக் கணக்கு இது: தட்டைப்பயறு 100 கிராம், பாசிப்பயறு 50 கிராம், மொச்சை 50 கிராம், சோளம் 30 கிராம், கம்பு ஒரு பிடி. ஒரு மணிக்குப் பக்கத்தில் ஒரு மணி, ஒட்டி ஒரே வரிசையாகப் பரவ வேண்டும். அடர்த்தியாக வரட்டும் என்று அரைக்கிலோ கொட்டுகிறவர்கள் உண்டு. மேல் அடுக்கு முளைக்கும், அடி அடுக்கு மூச்சுமுட்டிப் புளிக்கும். நாலாம் நாள் சட்டியைத் திறந்தால் மாவு புளித்த வாடை அடிப்பது அதனால்தான்.

பயறுகளை முந்தின நாள் இரவே ஊறப்போட வேண்டும். தட்டையும் பாசியும் 8 மணி நேரம், மொச்சை 12 மணி நேரம். பிறகு தண்ணீரை வடித்து ஈரத்துணியில் கட்டி வைத்தால் மறுநாள் வேர் நுனி எட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் விதைத்துவிட வேண்டும். வேர் ஒரு அரிசி நீளத்துக்கு மேல் வந்துவிட்டால் பரப்பும்போது ஒடிந்துபோகும். நெல்லுக்கு மட்டும் ஒரு நாள் ஊறலும் ஒரு நாள் கட்டும் தேவை, அதனால் அதை ஒரு நாள் முன்னதாகத் தொடங்குங்கள்.

பழைய முறையில் அடி உடைந்த மண்பானையின் மேல்பாதியை எடுத்து, அடியில் குச்சிகளைக் குறுக்காகக் கட்டி, அதன்மேல் வைக்கோல் பரப்புவார்கள். தண்ணீர் தேங்க வழியே இல்லை. இப்போது அலுமினியச் சட்டியும் பிளாஸ்டிக் டப்பும் வந்துவிட்டன. அவற்றின் அடியில் ஓட்டை போடாமல் விட்டால் அந்தப் பாரியை அம்மனாலும் காப்பாற்ற முடியாது. விரல்கடை அளவில் எட்டுப் பத்து ஓட்டை வேண்டும். மேலே இரண்டு விரல் கனம் வைக்கோல், அதற்கு மேல் காய்ந்து தூளான மாட்டு எருவும் கரம்பை மண்ணும் (கண்மாய் வண்டல்) சரிபாதி கலந்து சலித்தது இரண்டு விரல். ஆட்டுப்புழுக்கை கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் நன்றாக மக்கியிருக்க வேண்டும். பச்சைச் சாணம் சூடு கிளப்பி வேரைப் பொசுக்கிவிடும். நெல்லையும் எள்ளையும் ஓரத்திலும் பயறுகளை நடுவிலும் பரப்புங்கள். இடம் மாறினால் குட்டையானது உள்ளே மறைந்துபோகும். மேலே மணி மறையும் அளவுக்கு எருத்தூள் தூவினால் போதும்.

பிறகு இருட்டு. வெளிச்சம் இல்லாத அறையில் வைப்பது ரகசியத்துக்காக மட்டும் இல்லை. பச்சையம் முழுதாக உருவாக வெளிச்சம் வேண்டும். அது கிடைக்காத நாற்று, விதையில் இருக்கும் சேமிப்பையெல்லாம் செலவழித்து வெளிச்சத்தைத் தேடி மேலே மேலே நீளும். அதனால்தான் ஒன்பதே நாளில் ஒரு சாண் தாண்டி, வெளுத்த மஞ்சளாய், மஞ்சள் தண்ணீரில் குளித்தெழுந்தது போல நிற்கிறது. கதவிடுக்கில் ஒரு கீற்று வெளிச்சம் விழுந்தாலும் பாரி முழுக்க அந்தப் பக்கம் சாயும். தண்ணீர் தெளிக்கும்போது ஏற்றும் சின்ன விளக்கு ஒன்றும் செய்யாது. இருட்டு என்றதும் எல்லா இடுக்கையும் துணிவைத்து அடைக்காதீர்கள், கூரையோரம் காற்று போக வர வழி வேண்டும்.

தண்ணீர் காலையும் மாலையும் கையால் தெளிக்க வேண்டும், ஊற்றக் கூடாது. எருவைக் கிள்ளி அழுத்தினால் விரலில் ஈரம் ஒட்ட வேண்டும், சொட்டக் கூடாது. பங்குனி, சித்திரை வெயிலில் மத்தியானமும் ஒரு தெளிப்பு. மூன்றாம் நாள் வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு போலத் தெரியும். பார்த்தவுடன் "பூத்துப்போச்சு" என்று பதறுவார்கள். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். படிந்து மறைந்தால் அது வேர்த்தூவி, நல்ல அறிகுறி. தெளித்த பிறகும் நூலாம்படை மாதிரி மணிக்கு மணி தாவி நின்றால் பூஞ்சணம். அந்த இடத்தைக் கரண்டியால் அள்ளி எறிந்துவிட்டு, ஒரு நாள் தண்ணீரைக் குறைத்து, காற்றைக் கூட்டுங்கள். மஞ்சள்தூள் கரைத்த தண்ணீர் தெளிப்பது வழக்கம், செய்யலாம், ஆனால் அழுகத் தொடங்கியதை அது மீட்காது.

உங்கள் ஊரில் எல்லாச் சட்டியும் ஒரே முளைப்பாரி வீட்டில் வைத்து ஒரு பெரியவர் வளர்ப்பதாக இருந்தால் உங்கள் வேலை பாதி குறைகிறது. சோதித்த விதையைக் கொண்டுபோய்க் கொடுங்கள். அங்கேயும் பத்துச் சட்டியில் ஒன்று கெடும், ஒரே கைதான் எல்லாவற்றுக்கும் தண்ணீர் தெளித்திருக்கும். அதை யோசித்தாலே "போட்டவள் சரியில்லை" என்ற பேச்சு எங்கே நிற்கும் என்று தெரியும்.

அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருப்பது தீட்டு. மாதவிலக்கான பெண் பார்த்தாலே பயிர் வாடும் என்ற நம்பிக்கை நம் ஊர்ச் சொத்து மட்டும் இல்லை. 1920ல் வியன்னாவில் பேலா ஷிக் என்ற பெரிய மருத்துவரே, மாதவிலக்கான பெண் தொட்ட பூ வாடுகிறது, உடம்பிலிருந்து ஏதோ நஞ்சு வருகிறது என்று எழுதினார். அப்படி ஒரு நஞ்சு நிரூபணமாகவே இல்லை. பல ஊர்களில் மாதவிலக்கு நின்ற மூத்த பெண்களிடம் பாரியை ஒப்படைப்பதும் இந்தக் கணக்கில்தான். காரணம் தவறு, ஆனால் அதில் ஒரு நல்லதும் நடந்திருக்கிறது: வருஷா வருஷம் அதையே செய்து கை பழகிய ஒருவர் ஊருக்கு ஊர் இருக்கிறார். அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள், நான் எழுதியதைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்கும்.

இப்போது மாரியம்மன். மாரி என்றால் மழை. அம்மை என்றால் தாய், அதுவே நோயின் பெயரும். உடம்பில் போடும் கொப்புளமும் முத்து, சில ஊர்களில் பாரிக்கு எடுக்கும் விதையும் முத்து. பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980ல். நோய் போன பிறகும் அம்மன் போகவில்லை. காரணம், அவள் நோய்க்கு மட்டுமான தெய்வமாக என்றைக்கும் இருந்ததில்லை. மண்ணில் முளைப்பதும் மேலே பெய்வதும் அவள் கணக்கில்தான். விதைப்புக்கு முன்னால் ஊர் விதையின் தரம் பார்க்கத்தான் முளைப்பாரி வந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஓரளவு ஒத்துக்கொள்ளலாம். ஆனால் விதைச் சோதனைக்கு ஈரத்துணியும் மூன்று நாளும் போதும். ஒன்பது நாள் விரதமும் இரவெல்லாம் கும்மியும் எதற்கு?

அந்தக் கும்மியில்தான் உங்கள் கேள்விக்கான பதில் பாதி இருக்கிறது என்பது என் எண்ணம். சாட்டிய நாளிலிருந்து ஒவ்வொரு இரவும் பெண்கள் ஊர்ப் பொதுவிடமான மந்தையில் வட்டம் கட்டி, கைதட்டே தாளமாக, ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். வருஷம் முழுக்க ஆண்கள் உட்கார்ந்திருக்கும் இடம் அது. விதை பொறுக்குவது, வளர்ப்பது, பாடுவது, தலையில் சுமப்பது, கரைப்பது எல்லாமே பெண்கள் கையில். மந்திரம் இல்லை, நடுவில் ஆள் இல்லை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி கல்யாணத்துக்கு முளைக்குடம் ஏந்தி வருகிறவர்களும் பெண்களே. சக்தி, வீரம், சூலம் என்று போஸ்டர் வாசகம் பேசுகிறவர்களைவிட, ஈரத்தை விரலால் கிள்ளிப் பார்த்து அளவு சொல்கிற பாட்டிக்குத்தான் இந்த அம்மனை அதிகம் தெரியும்.

யார் எடுக்கலாம், யார் கூடாது என்கிற சட்டமெல்லாம் ஊர்க் கமிட்டி போட்டது, அதனால் ஊருக்கு ஊர் மாறும். மேல்மருவத்தூரில் பெண்கள் கருவறைக்குள் போய்ப் பூஜை செய்கிறார்கள், மாதவிலக்கு அங்கே தடை இல்லை. அங்கே இருப்பவளும் அம்மன்தானே. உசிலம்பட்டி பக்கம் நல்லதேவன்பட்டி துர்க்கையம்மன் கோயிலில் பூசாரியின் மகள் பூஜை செய்யக் கூடாது என்று ஒரு தரப்பு தடுத்தபோது, 2008ல் நீதிபதி கே. சந்துரு அந்தப் பெண்ணுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். பெண் தெய்வத்துக்குப் பெண் பூஜை செய்வதை எதிர்ப்பதில் உள்ள முரணையும் சுட்டிக்காட்டினார். கணவனை இழந்தவரைக் கோயிலுக்குள் விடாமல் தடுப்பதை ஏற்க முடியாது என்று, ஈரோடு மாவட்ட வழக்கு ஒன்றில் 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒதுக்கி வைக்கப்பட்டவர் இருந்தால், பாரி தூக்க அவரையும் கூப்பிடுங்கள். மாமியாரிடம் சண்டை போடுவதைவிட அவருக்கு முன்னால் உட்கார்ந்து 50 மணி எண்ணுவது பலன் தரும். "அத்தை, இந்த மொச்சை பாதிதான் முளைச்சிருக்கு, வேற வாங்குவோமா" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு தீட்டை விட்டு மொச்சைக்கு வந்துவிடும்.

எடுக்கிற நாள் விஷயம் கொஞ்சம். காலையில் தண்ணீர் தெளிக்க வேண்டாம், முந்தின இரவோடு நிறுத்துங்கள். ஈரச்சட்டி கனக்கும், நாற்றும் துவண்டு சரியும். தண்டுகளைச் சுற்றிப் பாதி உயரத்தில் பூச்சரமோ கலர் பேப்பரோ தளர்வாகக் கட்டினால் வெளிப்பக்கம் விரியாது. இருட்டில் வளர்ந்த இலை வெயில் பட்டால் அரைமணியில் தொங்கிவிடும், அதனால் பொழுது சாய்ந்து கிளம்புவது நல்லது. சும்மாடு கனமாக வையுங்கள். ஊருணியிலோ கண்மாயிலோ கரைக்கும்போது நாற்றும் மண்ணும் வைக்கோலும் மட்டும் இறங்கட்டும், பேப்பரும் நூலும் டப்பும் கரையில் இருக்கட்டும். கரைக்காமல் ஆடு மாட்டுக்குப் போடலாமா என்று கேட்பார்கள். சோளம் கலந்திருந்தால் போடாதீர்கள், இளஞ்சோளப் பயிரில் நஞ்சு உண்டு. மிஞ்சிய விதையை நன்றாக உலர்த்திச் சாம்பல் கலந்து டப்பாவில் வையுங்கள், அடுத்த பொங்கலுக்கு முன்னால் அதிலும் 50 எண்ணிப் பாருங்கள்.