கல்லூரி குவாட்டர்பேக்காக ஜெயித்தும் டிராஃப்டில் யாரும் எடுக்காத வாரன் மூன், சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் வரை போனது எப்படி?

"யாரும் எடுக்காத" என்று கேள்வியில் இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக் என்.எஃப்.எல்.; அதன் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறை வைத்து எடுப்பதுதான் டிராஃப்ட். 1978 டிராஃப்ட் பட்டியலைப் பார்த்தால் அது சரிதான். 12 சுற்றுகள், 334 பெயர்கள், அதில் வாரன் மூன் இல்லை. ஆனால் அந்தப் பட்டியல் வருவதற்கு முன்பே அவர் கனடாவின் எட்மன்டன் அணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். என்.எஃப்.எல். அவரை ஒதுக்கியது பாதிக் கதை. அவர்கள் நீட்டிய வேலை தனக்கு வேண்டாம் என்று இவர் கிளம்பிப் போனது மீதிப் பாதி.

நான் சில வருஷம் ஹூஸ்டனில் வேலை பார்த்தேன். எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவர் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர், அந்த ஊர்க்காரர், ஹூஸ்டனின் என்.எஃப்.எல். அணியான ஆயிலர்ஸ் மேல் பைத்தியம். அந்த அணி 1997-இலேயே டென்னசிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இவர் மேசையில் மட்டும் அதன் தொப்பி அப்படியே இருந்தது. மூன் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டதுதான், மீதி பிறகு தேடிப் படித்தது.

முதலில் அந்த 'வேலை' என்ன என்று சொல்லிவிடுகிறேன். எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, பந்தை வாங்கி, இரண்டு மூன்று நொடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவு செய்பவர் குவாட்டர்பேக். 1970-களில் கறுப்பினப் பையன் ஒருவன் கல்லூரியில் எவ்வளவு நன்றாக எறிந்தாலும், "நீ வேகமாக ஓடுகிறாய், வைட் ரிசீவராகப் போ" என்பார்கள், அதாவது எறிந்த பந்தை ஓடிப் பிடிக்கிற இடத்துக்கு. யோசிக்கிற வேலைக்கு ஒரு நிறம், ஓடுகிற வேலைக்கு இன்னொரு நிறம் என்ற கணக்கு.

லாஸ் ஏஞ்சலஸ் பையனான மூனுக்குப் பள்ளி முடித்தபோதே இந்தப் பேச்சு வந்துவிட்டது. இடம் மாறி ஆட மறுத்து, உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரியில் ஒரு வருஷம் ஆடிவிட்டு, 1975-இல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கோச் டான் ஜேம்ஸ் அவரை குவாட்டர்பேக்காகவே ஆட வைத்தார். சொந்த மைதானத்து ரசிகர்களே கூச்சல் போட்டு அவமானப்படுத்தினார்கள். 1977 சீசனில் முதல் நான்கு ஆட்டங்களில் மூன்று தோல்வி. அங்கிருந்து எழுந்து, 1978 ஜனவரி 2-ஆம் தேதி ரோஸ் பவுல் என்ற பெரிய கல்லூரி ஆட்டத்தில் மிச்சிகனை 27-20 என்று அடித்தார்கள். சிறந்த ஆட்டக்காரர் விருது மூனுக்கு. இவ்வளவுக்குப் பிறகும் ஆள் தேடும் என்.எஃப்.எல். ஸ்கவுட்கள் இடம் மாற்றும் பேச்சை விடவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. அதே 1978 டிராஃப்டில் முதல் சுற்றில் எடுக்கப்பட்ட ஒரே குவாட்டர்பேக், 17-ஆவதாகப் போன டக் வில்லியம்ஸ். அவரும் கறுப்பினத்தவர்தான். அதனால் கதவு முழுக்கப் பூட்டியிருந்தது என்று சொல்ல முடியாது. ஒருவர் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது.

கனடா அவருக்கு வனவாசம் என்று பலர் எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அங்கே மைதானம் அகலம், நீளமும் கூடுதல், அணிக்கு 12 பேர். முக்கியமாக, 10 யார்டு முன்னேற அமெரிக்காவில் நான்கு வாய்ப்பு என்றால் கனடாவில் மூன்றுதான். கடைசி வாய்ப்பில் பெரும்பாலும் பந்தை உதைத்துக் கொடுத்துவிடுவார்கள், ஆக கையில் இருப்பது இரண்டே இரண்டு. மெதுவாக ஓடி ஓடிச் சேர்த்துக்கொண்டிருக்க முடியாது, எறிந்தே ஆக வேண்டும். எறிகிற கைக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது? ஹியூ கேம்பல் கோச்சாக இருந்த அந்த அணி 1978 முதல் 1982 வரை கனடா லீக்கின் கோப்பையான கிரே கப்பைத் தொடர்ந்து ஐந்து முறை வென்றது. 1983-இல் மட்டும் மூன் எறிந்த தூரம் 5,648 யார்டு.

அப்புறம் என்.எஃப்.எல். அணிகள் அவரைத் தேடி வந்தன. 1984-இல், 27 வயதில், கேம்பல் கோச்சாகப் போயிருந்த ஹூஸ்டனையே தேர்ந்தெடுத்தார். முதல் வருஷம் 3 வெற்றி, 13 தோல்வி! பிறகுதான் அணி தேறி, 1987 முதல் 1993 வரை ஒவ்வொரு வருஷமும் பிளேஆஃப் என்ற நாக்அவுட் சுற்றுக்குப் போனது. நான்கு ரிசீவர்களைப் பரப்பி நிறுத்தி எறியும் 'ரன் அண்ட் ஷூட்' முறை 1990-இல் வந்தபோது கனடாப் பயிற்சி முழுசாகக் கைகொடுத்தது. அந்த வருஷம் டிசம்பர் 16-ஆம் தேதி கன்சாஸ் சிட்டிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 527 யார்டு.

சரி, ஹூஸ்டன் அணி பஃபலோ அணியிடம் தோற்ற கதைக்கு வருவோம். 1993 ஜனவரி 3, பிளேஆஃப். முதல் பாதியில் மூன் நான்கு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்ப்பது) எறிந்தார், 28-3. இரண்டாம் பாதி தொடங்கியதும் பஃபலோவின் பாஸ் ஒன்றைப் பறித்து இன்னொரு டச்டவுன், 35-3. பஃபலோவின் வழக்கமான குவாட்டர்பேக் ஜிம் கெல்லி காயம்பட்டு உட்கார்ந்திருக்க, மாற்று ஆளாக வந்த ஃபிராங்க் ரீச் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார். 38-38 என்று கூடுதல் நேரத்துக்குப் போனது. அங்கே மூனின் பாஸ் எதிரணி கையில் சிக்கியது, பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே செலுத்தும் ஒரு ஃபீல்டு கோல், 41-38. 371 யார்டு எறிந்தும் தோல்வி. என் நண்பர் இந்த ஆட்டத்தைப் பற்றி என்னிடம் ஒரு தடவைதான் பேசினார், அதுவும் ஸ்கோரைச் சொல்லாமல்.

என்.எஃப்.எல். இறுதியாட்டமான சூப்பர் பவுல் பக்கமே மூன் போகவில்லை என்பதை வைத்து அவரைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. தடுப்பாட்டம் 32 புள்ளி முன்னிலையைக் கோட்டைவிட்டதற்குப் பந்து எறிபவரை எவ்வளவு திட்டுவது?

அதன்பின் மினசோட்டா, மறுபடி சியாட்டில், கடைசியில் கன்சாஸ் சிட்டி. 44 வயதில்தான் நிறுத்தினார். என்.எஃப்.எல்.-இல் 49,325 யார்டு, கனடாவில் 21,228. 2006-இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். நவீன காலத்தில் அங்கே போன முதல் கறுப்பினக் குவாட்டர்பேக் அவர். கனடாவின் ஹால் ஆஃப் ஃபேமிலும் இருக்கிறார்.

அவர் எறிவதைப் பார்க்க ஆசை இருந்தால் அந்த 527 யார்டு ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள். பஃபலோ ஆட்டத்தையும் பாருங்கள், பக்கத்தில் ஹூஸ்டன்காரர் யாரும் இல்லாத நேரமாக.