இசைக்குழு புதிய படைப்பு கேட்டால், கையெழுத்திடும் முன் என்ன பார்க்க வேண்டும்?

கோலாலம்பூரில் மேற்கத்தியச் செவ்விசை அமைக்கும் உங்கள் அக்காள் மகளிடம் ஓர் இசைக்குழு பத்து நிமிடப் படைப்பு கேட்டிருக்கிறது. இது பரிசா, வேலையா என்கிறீர்கள். வேலைதான், ஊதியம் பேசி வாங்க வேண்டிய வேலை. நம் பெண் பிள்ளையின் பெயர் ஓர் இசைக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் வரப்போகிறது என்பதே எனக்குப் பெருமகிழ்ச்சி!

ஆனால் ஒப்பந்தத்தை வரி விடாமல் படிக்கச் சொல்லுங்கள். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 26ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டு எழுதித் தந்த படைப்பின் உரிமை கேட்டவருக்கே போய்விட்டதாகக் கருதப்படும். வேறுவிதமாக ஒப்பந்தம் செய்திருந்தால்தான் தப்பலாம். உரிமை இசையமைப்பாளரின் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 50 ஆண்டுகளும் நீடிக்கும். சும்மா விட்டுக்கொடுக்கும் பொருளல்ல. "பதிப்புரிமை இசையமைப்பாளரிடமே இருக்கும், முதல் அரங்கேற்ற உரிமை மட்டும் இசைக்குழுவுக்கு" என்று எழுத்தில் கேட்பது நியாயமானது, மரியாதைக் குறைவு இல்லை.

இன்னொன்று, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி இசைக்குறிப்புத் தாள் தயாரிப்பது யார் பொறுப்பு? வயலின்காரர் பக்கம் புரட்டும் இடத்தில் சில நொடி மௌனம் வருமாறு தாளை அமைக்க வேண்டும். இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்ய நாள்கணக்கில் ஆகும். அதற்கும் தனித்தொகை கேட்கலாம். அரங்கேற்றத்தின் ஒலிப்பதிவுப் பிரதி கிடைக்குமா என்பதையும் இப்போதே எழுதி வாங்கிவிடட்டும். அடுத்த வாய்ப்புக்கு விண்ணப்பிக்க அதுதான் கைகொடுக்கும்.