வளைந்த கியர் லீவரை வீட்டிலேயே நிமிர்த்தலாமா?

மழைச் சேற்றில் வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்து விழுந்ததில், தம்முடைய 100 சிசி வண்டியின் கியர் லீவர் உட்புறமாக வளைந்து என்ஜின் மூடியில் உரசுவதாக ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வண்டியில் இருக்கும்போதே ஒரு இரும்புக் குழாயை மாட்டி இழுத்துவிடலாமா, அல்லது இதற்கென்று ஒரு கருவியைத் தாமே செய்துகொள்ள முடியுமா என்பது அவருடைய கேள்வி.

கருவியைச் செய்துகொள்ளலாம், ஆனால் வண்டியில் வைத்து இழுக்கவே கூடாது. லீவர் மாட்டியிருக்கும் கியர் ஷாஃப்ட் ஓர் ஆயில் சீல் (எண்ணெய் வெளியே கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) வழியாகத்தான் என்ஜினுக்குள் போகிறது. நீங்கள் கொடுக்கும் விசை முழுவதையும் அந்த ஷாஃப்டின் நுனி தாங்க நேரும்போது, லீவர் நிமிர்வதற்கு முன் ஷாஃப்ட் வளைந்து, சீல் சிதைந்து, எண்ணெய் கசியத் தொடங்கும். அவ்வாறு இழுக்கப்பட்ட பிறகு கசிவோடு பட்டறைக்கு வந்த வண்டிகளைப் பலமுறை பார்த்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். லீவரைக் கழற்றுவதும் கடினமான வேலையன்று. ஷாஃப்டிலும் லீவரிலும் நேர்க்கோட்டில் ஒரு அடையாளம் போட்டுக்கொண்டு, இறுக்கும் போல்ட்டை முழுவதுமாக வெளியே எடுத்துவிட்டு இழுத்தால் லீவர் வந்துவிடும். பல வண்டிகளில் அந்த போல்ட் ஷாஃப்டின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் என்பதால், தளர்த்தினால் மட்டும் போதாது.

இனி கருவி. கட்டட வேலையில் கம்பி வளைப்பவர்கள் கையில் முனையில் இரண்டு முளைகள் (துருத்தி நிற்கும் குட்டைக் கம்பிகள்) கொண்ட நீண்ட கைப்பிடிக் கருவியைப் பார்த்திருப்பீர்கள். நமக்கு வேண்டியதும் அதே அமைப்புதான். 50 மி.மீ அகலம், 10 மி.மீ தடிமன், இரண்டடி நீளம் உள்ள இரும்புப் பட்டையின் ஒரு முனையில், மையத்துக்கு மையம் 32 மி.மீ இடைவெளியில் இரண்டு 16 மி.மீ துளைகள் போட்டு, அவற்றில் 40 மி.மீ நீளமுள்ள 16 மி.மீ உருட்டுக் கம்பித் துண்டுகளைச் செருகிப் பின்புறம் சுற்றிலும் வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். முளைகளுக்கு நடுவே 16 மி.மீ இடம் கிடைக்கும்; சாதாரண கியர் லீவரின் தண்டு அதில் நுழையும், இருந்தாலும் வெட்டுவதற்கு முன் உங்கள் லீவரை அளந்துகொள்ளுங்கள். பழைய போல்ட்டுகளை அறுத்து முளையாக வைக்க வேண்டாம்; கடினப்படுத்தப்பட்ட எஃகு வெல்டிங் சூட்டில் நொறுங்கும் தன்மை அடைந்து, விசை கொடுக்கும்போது சட்டென்று முறியக்கூடும். முளையிலிருந்து அரை மீட்டர் தள்ளிப் பிடித்து 25 கிலோ விசை கொடுத்தால், முளைகளில் அது ஏறத்தாழ 400 கிலோவாக இறங்குகிறது. இதனால்தான் சுத்தியல் தேவைப்படுவதில்லை.

லீவரின் வளையாத பகுதியைத் துணி சுற்றி வைஸில் (மேசையில் பொருத்திய இரும்புப் பிடிப்பானில்) இறுக்குங்கள். வளைவு தொடங்கும் இடத்தில் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி, தண்டு இரு முளைகளுக்கும் நடுவே வரும்படி கருவியை மாட்டி, மெதுவாகத் திருப்புங்கள். இரும்பு கொஞ்சம் பின்வாங்கும் இயல்புடையது என்பதால், வேண்டிய நிலையைச் சற்றே தாண்டித் திருப்பிவிட்டால்தான் சரியான இடத்தில் நிற்கும். ஒரே மூச்சில் நிமிர்த்தாமல், சிறிது திருப்பி, எடுத்து, சமதளக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்து, மீண்டும் திருப்புங்கள். சூடு காட்ட வேண்டாம்; முலாம் நிறம் மாறி உரிந்து, பிறகு துருப்பிடிக்கும்.

நிமிர்ந்த பிறகு வளைந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிடம் கழித்து நன்றாகத் துடைத்து, சுண்ணாம்புக் கட்டித் தூளைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் தூளில் ஈரக்கோடாகத் தெரியும். கோடு தெரிந்தால் அந்த லீவரைத் தூக்கிப் போடுங்கள்.

இந்த முறை இரும்புக்கு மட்டுமே. காந்தம் ஒட்டாத கை பிரேக், கிளட்ச் லீவர்கள் அலுமினியக் கலவையால் ஆனவை. ஒருமுறை நிமிர்த்தினாலும் அடுத்த அவசரப் பிரேக்கில் உடையலாம். முன் ஃபோர்க் குழாயையும் ஹேண்டில்பாரையும் இந்தக் கருவியால் தொடவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

லீவரை அடையாளத்தில் பொருத்தி போல்ட்டை இறுக்கியபின், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை ஓடவிடாமல், பின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே எல்லாக் கியர்களையும் மாற்றிப் பாருங்கள். லீவர் கீழே போகும்போதும் என்ஜின் மூடிக்கும் அதற்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும். மறுநாள் காலையில் சீலுக்கு அடியில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால், விழுந்தபோதே ஷாஃப்ட் வளைந்திருக்கக்கூடும். அதை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.