சின்னத் தொட்டிக்குக் கடல் மீன்: கேள்வி பதில்

100 லிட்டருக்கு உட்பட்ட உப்புத்தண்ணீர்த் தொட்டியில் எந்த மீன் நன்றாக வாழும் என்பது மட்டும்தான் இன்றைக்கு. பவளம் வளர்ப்பு, பெரிய ரீஃப் டேங்க் எல்லாம் இன்னொரு நாள்.

மடிப்பாக்கம்: அக்கா, என் டேங்க் 2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கொளத்தூர் மீன் கடைல பார்த்து வெச்சிருக்கேன்: ரெண்டு நீமோ, ஒரு டோரி, ஒரு மஞ்சள் பாக்ஸ் ஃபிஷ். இன்னும் ரெண்டு சேர்க்கலாமா?

நீமோ இரண்டும் சரி தம்பி, மற்றவை வேண்டாம். உங்கள் தொட்டி கணக்குக்கு 85 லிட்டர். கல்லும் மணலும் போட்டபிறகு 70 லிட்டர் தண்ணீர் நின்றால் அதிகம். டோரி என்று விற்கும் ப்ளூ டாங் கடையில் விரல் நீளம்தான் இருக்கும், வளர்ந்தால் ஓர் அடியை நெருங்கும். நாள் முழுக்க நீந்தித் திரிகிற மீன் அது. பாக்ஸ் ஃபிஷ் அதைவிடப் பெரிதாகும். மிரண்டால் தோலிலிருந்து விஷம் கசியவிடும். இவ்வளவு சின்னத் தொட்டியில் கூட இருக்கிற எல்லா மீனையும் அது கொன்றுவிடலாம். கவரில் தெரிகிற அளவைப் பார்த்து வாங்காதீர்கள், முழு வளர்ச்சியில் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

நீமோ, அதாவது க்ளௌன் மீனில் ஓசெல்லாரிஸ் வகை கேளுங்கள். பெரும்பாலும் 8, 9 செ.மீ.க்கு மேல் போகாது. எல்லாம் ஆணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்கும். ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும். அதனால் ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக இரண்டு குட்டிகளை ஒரே நாளில் விடுங்கள். ஒரே அளவில் எடுத்தால் யார் பெரியவர் என்று கடித்துக்கொள்ளும். தொட்டியில் பிறந்த குட்டியே வேண்டும் என்று கேளுங்கள். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையங்களிலேயே இதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறார்கள். கடலில் பிடித்ததை வாங்க அவசியமே இல்லை.

மூன்றாவதாக ஒரு மஞ்சள் வாட்ச்மேன் கோபி மீனும் ஒரு பிஸ்டல் இறாலும். என் மனதுக்கு மிகப் பிடித்த கூட்டணி இது. இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. மணலில் வளை தோண்டி, மண்ணை அள்ளி வெளியே தள்ளும்போது மீசை ஒன்றை கோபியின் உடம்பின்மேல் வைத்தபடியே இருக்கும். ஆபத்து என்றால் கோபி வாலை ஒரு வெட்டு வெட்டும், அடுத்த நொடி இரண்டும் வளைக்குள். மணல் இரண்டு அங்குலமாவது வேண்டும். கல்லை மணல்மேல் வைக்காமல் கண்ணாடித் தரையில் ஊன்றுங்கள், இல்லையென்றால் இறால் தோண்டித் தோண்டிக் கல் சரியும்.

இந்த மூன்று மீனோடு நிறுத்துங்கள். வாங்கும்போது கடைக்காரரைக் கண் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள். சாப்பிடாத மீனைக் காசு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கோவை: தண்ணி கலந்து எத்தனை நாள்ல மீன் விடலாம்?

நாள் கணக்கு வைக்காதீர்கள், டெஸ்ட் கிட் சொல்வதைக் கேளுங்கள். துண்டு இறால் ஒன்றைப் போட்டு அழுக விட்டால் அம்மோனியா ஏறும், அதைத் தின்னும் பாக்டீரியா வளர்ந்து நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து, நைட்ரேட் தெரிய வேண்டும். பெரும்பாலும் 4 முதல் 6 வாரம்.

திருநெல்வேலி: கடல்குதிரை வளர்க்க ஆசை.

வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினம். கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லுக்கும் இதே பதில்.

சேலம்: நீமோவுக்கு அனிமோன் கட்டாயமா?

இல்லை. அனிமோன் என்பது கடலில் நீமோ ஒளிந்து வாழும், பூப்போன்ற உயிரினம். புதுத் தொட்டியில் அதுதான் முதலில் சாகும், செத்தால் தண்ணீரையும் கெடுக்கும்.

பெசன்ட் நகர்: எனக்கு பீச் பக்கம். கேன்ல கடல் தண்ணியே பிடிச்சுக்கறேனே, உப்பு வாங்கற காசு மிச்சம். பார்க்கத் தெளிவாதான் இருக்கு.

தயவுசெய்து செய்யாதீர்கள். அடையாறு முகத்துவாரம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நகரத்தின் கழிவுநீரில் ஒரு பகுதி அந்த வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. தெளிவாக இருப்பதால் சுத்தம் என்று ஆகாது.

தூத்துக்குடி: அக்கா, இதை ஒத்துக்க மாட்டேன். நாங்க ரொம்ப வருஷமா படகுல உள்ள போய்த்தான் தண்ணி எடுக்கிறோம். மீன் அங்கதானே வாழுது?

நீங்கள் எடுப்பது வேறு தண்ணீர், அவர் எடுக்கப் போவது வேறு தண்ணீர். கரையை விட்டு உள்ளே போய் எடுத்தால் நானும் தடுக்க மாட்டேன். குஞ்சு பொரிப்பகங்களும் கடல்நீரை வடிகட்டித்தான் பயன்படுத்துகின்றன.

பெசன்ட் நகர்: அப்ப நானும் வடிகட்டிக்கறேன்.

துணியும் பஞ்சும் மண்ணைத்தான் நிறுத்தும். கரைந்திருக்கிற பாஸ்பேட்டையும் உலோகத்தையும் நிறுத்தாது.

நாகப்பட்டினம்: மழைக்காலத்துல எங்க பக்கம் தண்ணி உப்பே குறைஞ்சிடும். அதையும் சொல்லுங்க.

நல்ல வேளை, நினைவுபடுத்தினீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் கொட்டுகிற நன்னீரால் நம் கரையோரக் கடலின் உப்பளவு இறங்கிவிடும். தொட்டியில் அடர்த்தி 1.025 இருக்க, உப்பு குறைந்த தண்ணீரைக் குடம் குடமாக மாற்றினால் மீன் தாங்காது. தூத்துக்குடித் தம்பி, நீங்களும் ஒவ்வொரு முறையும் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். துறைமுகம், அனல்மின் நிலையம் பக்கம் எடுக்க வேண்டாம். சென்னைக்காரர்களுக்கு என் பதில் மாறாது: ஆர்.ஓ. தண்ணீர், லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் மரைன் சால்ட். சமையல் உப்பு இல்லை.

ஈரோடு: 2 அடி டேங்க்ல டோரி ஒண்ணு மட்டும் விடலாமா?

மேலே மடிப்பாக்கத்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

திருச்சி: மாண்டரின் மீன் ரொம்ப அழகா இருக்கு, சின்னதும்கூட. எடுக்கலாமா?

சின்னதுதான், ஆனால் கல்லில் ஊர்கிற கோப்பிபாட் என்ற மிகச் சிறிய உயிரினத்தை நாள் முழுக்கக் கொத்தித் தின்று வாழ்வது. சின்னத் தொட்டியில் அது சீக்கிரம் தீர்ந்துபோகும். பிறகு மீன் கண்ணெதிரே மெலிந்து மெலிந்து சாகும். கடையில் தீனி போடச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் தொடவே தொடாது.

ஓசூர்: குட்டி டோரி வாங்கி, வளர்ந்ததும் கடைக்குத் திருப்பிக் கொடுத்தா?

டோரி வேண்டாம். இனி இந்தக் கேள்வியை எடுக்க மாட்டேன்.

தாம்பரம்: டாம்செல் மீன் விலை கம்மி. முதல்ல அதை விட்டுப் பழக்கலாம்னு கடைக்காரர் சொல்றார்.

அம்மோனியாவில் ஓர் உயிரை வேகவிட்டுத் தண்ணீர் பழக்கத் தேவையில்லை. பிழைத்துவிட்டால் இடத்தைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வருகிற எல்லாவற்றையும் விரட்டும். பிடிக்கக் கல்லை எல்லாம் கலைக்க வேண்டியிருக்கும்.

மதுரை: ஃபயர்ஃபிஷ்?

நல்ல தேர்வு, ஒன்றே ஒன்று. ஆனால் குதிக்கும். வலை மூடி போட்டபிறகு வாங்குங்கள். சாப்பிடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வேலூர்: மே மாசம் எங்க வீட்ல அறையே கொதிக்கும். தண்ணியைக் குளிர வைக்கிற சில்லர் வாங்க வசதி இல்லை.

தண்ணீர் 25 முதல் 27 டிகிரியில் இருப்பது நல்லது. சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, நீர்ப்பரப்பின் மேல் சின்ன ஃபேன் ஓடவிட்டால் 2, 3 டிகிரி இறங்கும். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால் குறைந்த அளவை வெறும் ஆர்.ஓ. தண்ணீரால் தினமும் நிரப்புங்கள், உப்புத்தண்ணீரால் அல்ல. கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். இவ்வளவு செய்தும் 30-க்குக் கீழே வரவில்லை என்றால், இந்தக் கோடை போகட்டும், மழை தொடங்கியபின் மீன் வாங்குங்கள். அதுவரை கல்லும் தண்ணீரும் பழகட்டும்.